ஆடி மூன்றாம் செவ்வாய்

ஜூன் மாதம் கீதாஞ்சலியைப் பள்ளியின் மாணவத் தலைவி ஆக்கினார்கள். ஜூலையில் கோ-கோ கேப்டன் ஆக்கினார்கள். ஆகஸ்டில் அவளிடம் ஒரு வாக்குக் கேட்டார்கள். முதல் இரண்டையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டவள் மூன்றாவதில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

தலைவி என்றால் சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு நடப்பது மட்டும்தான் என்று பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அவள் பின்னால் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காலை வழிபாட்டில் எழுநூறு பேரை நேராக நிற்கவைக்க வேண்டும். பிந்தி வருகிறவர்களின் பெயரை எழுத வேண்டும். எழுதப்பட்டவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்துவிட்டார்களே, அந்த ஐந்துக்கும் நடுவே தினமும் வரும் சண்டையைத் தீர்க்க வேண்டும். ஜூலைக் கடைசியில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா போனபோது நாற்பத்தாறு பேரை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கியதும் அவள்தான். திரும்பும்போது நாற்பத்து நான்குதான் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், வாத்தியார்கள் "எண்ணினது தப்பா இருக்கும்" என்றார்கள். அவள் பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் சிங்கமுகக் கிணற்றுப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து அவள் எண்ணிக்கையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்படிப்பட்ட பெண்ணிடம்தான் விளையாட்டு ஆசிரியை சசிகலா, "உங்க ஊர்ப் புள்ளைங்களை டீம்ல எடுக்குற மாதிரி இல்லம்மா" என்று சொன்னார்.

கீதாஞ்சலியின் ஊர் புளியம்பாறை. பாடாலூரில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர். அந்த ஊர்ப் பெண்களுக்குக் காலில் என்ன இருக்கிறதோ தெரியாது, பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஐந்து பேர் அங்கிருந்துதான் வருவார்கள். ஆனால் ஆடி மாதம் வந்தால் அந்த ஐந்து பேரும் உதவ மாட்டார்கள். ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் ஊரே கட்டுப்பட்டது. எட்டாம் நாள் தேர் ஓடி, கயிறு அவிழும்வரை ஊர்க்காரர் ஒருவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அரியலூரில் ஒரு கல்லூரிக்காரர்கள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டப் பள்ளிகளுக்கும் சேர்த்து நடத்தும் கோ-கோ போட்டியும் அந்த வாரக் கடைசியில்தான் வந்து நிற்கும். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, நடுவில் ஒரு ராத்திரி.

போன வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பும் நேரத்தில்தான் புளியம்பாறைப் பெண்கள் வர முடியாது என்று தெரிந்தது. மிச்சம் ஏழு பேர் போனார்கள். கோ-கோவில் மைதானத்தில் இறங்கவே ஒன்பது பேர் வேண்டும். ஏழு பேரும் சீருடை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"அந்த அவமானம் எனக்கு இன்னொரு தடவ வேணாம்" என்றார் சசிகலா. "நீ நல்லா ஆடுறவதான். ஆனா நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிடுறீங்களே."

"இந்த வருஷம் அஞ்சு பேரும் வருவோம் டீச்சர்."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா அடுத்த வருஷத்துலேருந்து எங்க ஊர்ல யாரையும் எடுக்காதீங்க. நானும் கேக்க மாட்டேன்."

வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டாள். சைக்கிளில் வீடு போகும் வழியில்தான் உறைத்தது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் இருக்கும் சின்னப் பெண்களின் கணக்கையும் சேர்த்தல்லவா அவள் பணயம் வைத்துவிட்டாள்! அவர்களை யார் கேட்டது?

ஆனாலும் அவளிடம் ஒரு வழி இருந்தது. காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்குக் கட்டு கிடையாது. சென்னையில் வேலை பார்க்கிறவர்கள், திருப்பூரில் இருப்பவர்கள் எல்லாம் தேருக்கு வந்தால் போதும். அம்மா சொல்லி அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பு. அந்த நேரத்தில் ஐந்து பேரும் பள்ளி மைதானத்தில் இருந்தால் தீர்ந்தது. இதை மற்ற நாலு பேரைத் தவிர யாரிடமும் சொல்லாமல், "செவ்வாக்கெழம ஏழு மணி வரைக்கும் பிராக்டிஸ் வைங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டாள். என்ன ஆர்வம் பார் என்று சசிகலாவுக்கு ஒரே சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு மணி அடித்தபோது கீதாஞ்சலி கம்பத்தைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இந்நேரம் கயிறு ஏறியிருக்கும் என்று மனசுக்குள் ஒரு துள்ளல். ஆறரை ஆனது. ஏழுக்குப் பக்கத்தில் பள்ளி வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து நாட்டாண்மை அழகேசன் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் பதற்றம்.

"என்ன புள்ளைங்களா, மணி என்னாகுது? ஊரே கோயில்ல உக்காந்திருக்கு. மேளக்காரங்க ரெண்டு தடவ டீ குடிச்சாச்சி. ஏறுங்க, ஏறுங்க!"

கீதாஞ்சலிக்கு ஒன்றும் புரியவில்லை. "காப்புக் கட்டலியா பெரியப்பா?"

"நீங்க அஞ்சு பேரு இல்லாம எப்படி ஆத்தா கட்டுறது? காலையில நம்மூர்ல பல்லு வெளக்குனவங்க அத்தன பேரும் கணக்குல உண்டு. ஒரு தல கொறைஞ்சாலும் கயிறு ஏறாது."

இந்தச் சட்டத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட அவசியமும் வந்ததில்லை, ஒவ்வொரு வருஷமும் அவள்தான் முதல் ஆளாகக் கோயிலில் நிற்பாளே. சென்னைக்காரர்கள் சென்னையில் பல் விளக்குகிறார்கள், தப்பித்தார்கள். அவள் போட்ட திட்டம் எல்லாம் போட்டபடியே கிடக்க, ஐந்து பெண்களும் மண் ஒட்டிய காலோடு வண்டியில் நின்றுகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அழகேசன் அவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கோயிலுக்குள் விட்டார். மேளம் கொட்டியது. பூசாரி கருப்பண்ணன் கையில் கயிறு ஏறியது. கீதாஞ்சலிக்கு அழுகை வந்தது. சாமி முன்னால் பெண் பிள்ளை கண் கலங்குகிறாளே, என்ன பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றால் தன்மேல்தான். ஊரை ஏமாற்றப் பார்த்து மூக்கறுபட்டாயிற்று, இனி நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். புதன்கிழமை காலை பேட்ஜைக் குத்திக்கொண்டு, மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கோயில் பந்தலுக்குப் போனாள். அழகேசன் தோரணம் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் பேத்தி, ஏழாம் வகுப்புப் படிப்பவள், மாவிலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, நேத்து நாங்க வேணும்னுதான் வரல."

அழகேசன் கையிலிருந்த சணலைக் கீழே போட்டார். "என்னது?"

அவள் எதையும் மறைக்கவில்லை. போன வருஷம் ஏழு பேர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்ததையும், டீச்சரிடம் தான் சொன்ன வாக்கையும், செவ்வாய்க்கிழமைத் திட்டத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"ஒங்களக் காணோமேன்னு நான் வண்டியப் போட்டுக்கிட்டு ஓடியாறேன், நீங்க ஒளிஞ்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"தப்புதான் பெரியப்பா. ஆனா நம்மாலதான அந்தப் புள்ளைங்க ஏழு பேரும் அசிங்கப்பட்டாங்க? அதுவும் தப்புதான?"

அவர் குனிந்து சணலை எடுத்தார். அவள் விடவில்லை. "வெளியூர்ல ராத்திரி தங்கக் கூடாது. அவ்வளவுதான கட்டு? பகல்ல போயிட்டு வரலாம்ல? அப்பா பெரம்பலூர் போயி வரலியா?"

அவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். "பொழுது விடிஞ்சப்புறம் எல்லையத் தாண்டணும். சாயங்காலம் வெளக்கு வக்கிறதுக்குள்ள கோயிலுக்கு வந்துடணும். அந்த நேரத்துல நான் தல எண்ணுவேன். ஒரு தல கொறைஞ்சுது, அடுத்த கூட்டத்துல பேசி, பொம்பளப் புள்ளைங்க வெளியூர் ஆட்டத்துக்குப் போறதையே நிறுத்திப்புடுவேன். சம்மதமா?"

ஆக, வராவிட்டால் டீச்சர் எடுக்க மாட்டார், பிந்தினால் ஊர் விடாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி விட்டிருந்தார்கள்.

"சம்மதம்" என்றாள் கீதாஞ்சலி.

"தாத்தா, நானும் கோ-கோ..." என்று பேத்தி ஆரம்பித்தாள்.

"மாவெலயக் குடு" என்றார் அழகேசன்.

மற்ற ஏழு பேரும் டீச்சரோடு வெள்ளிக்கிழமையே அரியலூர் போய்விட்டார்கள். புளியம்பாறை ஐவர் சனிக்கிழமை சூரியன் தெரிந்த பிறகு எல்லைக் கல்லைத் தாண்டி, பாடாலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறி, ஒன்பது மணிக்குள் மைதானத்தில் இருந்தார்கள். சசிகலா ஐந்து பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பத்து மணி ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஒரு மணி ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். அப்புறம்தான் பலகையில் எழுதிப் போட்டார்கள், அரையிறுதி நாலரை மணிக்கு என்று.

நாலரைக்கு ஆடினால் விளக்கு வைக்கும்போது பெரம்பலூரில்கூட இருக்க முடியாது. கீதாஞ்சலி நேராகப் போட்டி நடத்தும் வேல்முருகன் சாரிடம் போனாள்.

"சார், எங்க அரையிறுதிய ரெண்டரைக்கு வச்சிக்கலாங்களா?"

"இப்பதானேம்மா ஒரு மேட்ச் முடிச்சீங்க? அரை மணி நேரம்கூட ரெஸ்ட் இருக்காதே!"

"பரவால்ல சார். எதிர் டீம்ல கேட்டுச் சொல்லுங்க."

எதிர் அணி உடையார்பாளையம் பக்கம். களைத்துப்போன அணியோடு ஆடக் கசக்குமா? உடனே சரி என்றுவிட்டார்கள். கசந்தது சொந்த அணிக்குத்தான். துணைக் கேப்டன் பரிமளா தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"ஒங்க ஊரு சாமிக்கு எங்க காலு ஏன்டி ஒடியணும்? போன வருஷம் நாங்க ஏழு பேரும் மொகத்த எங்க வச்சிக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தோம். இந்த வருஷம் மூச்சு வாங்கிச் சாவணுமா?"

கீதாஞ்சலிக்குச் சுருக்கென்றது. பரிமளா சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

"ஓட்டத்துல நாங்க அஞ்சு பேரும் மொதல்ல எறங்குறோம்" என்றாள். "எங்களால எவ்வளவு நேரம் முடியுதோ அவ்வளவு நேரம் அவுட் ஆவாம நிக்கிறோம். அதுவரைக்கும் நீங்க உக்காந்து காலை நீட்டிக்கிங்க. தொரத்தும்போது எழுந்து வந்தாப் போதும்."

பரிமளா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயிலு மண்டையப் பொளக்குது. ஒன்னால முடியுமா?"

"முடியணும்."

கோ-கோவில் ஓடுகிற அணி மூன்று மூன்று பேராக உள்ளே போகும். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள், முதுகில் தட்டிக் "கோ" சொன்னதும் உட்கார்ந்திருப்பவள் எழுந்து பாய்வாள். கீதாஞ்சலியும் இன்னும் இரண்டு பேரும் முதலில் இறங்கினார்கள். ஒரு முறைக்கு ஒன்பது நிமிஷம். ஆறு நிமிஷம் வரை மூன்று பேரையும் யாராலும் தொட முடியவில்லை. கீதாஞ்சலிக்குத் தொண்டை காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, விலாவில் குத்து எடுத்தது. பிடிபட்டிருந்தால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பரிமளா ஓரத்தில் நிஜமாகவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து ஓடினாள். துரத்தும் முறை வந்ததும் பரிமளா எழுந்தாளே பார்க்க வேண்டும்! ஒருத்தியே ஐந்து பேரைத் தொட்டாள். மூன்றரை மணிக்கு இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். புளியம்பாறைப் பெண்கள் கைகுலுக்கக்கூட நிற்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள்.

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. பெரம்பலூரில் வந்த திருச்சி பஸ்ஸில் ஏறப் போனால், "பாடாலூர் நிக்காது, பைபாஸ்" என்று கண்டக்டர் படியை மறித்தார். கீதாஞ்சலி பேட்ஜோடு படியில் காலை வைத்துக்கொண்டு, "நாங்க அஞ்சு பேரும் இன்னைக்கி மூணு மேட்ச் ஜெயிச்சிட்டு வரோம், பாலத்துக்கிட்ட எறக்கி விட்டாப் போதும், எறங்க ஒரு நிமிஷம்கூட ஆகாது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். பின்னால் நின்ற நாலு பேரின் முகத்தையும் கண்டக்டர் பார்த்தார். மண்ணும் வியர்வையுமாக அந்த முகங்கள் இருந்த லட்சணத்தில் அவருக்கே பாவமாகப் போய்விட்டது.

பாடாலூரில் இறங்கியபோது ஆறடிக்கப் பத்து நிமிஷம். புளியம்பாறை மினி பஸ் போயிருந்தது. ஒருத்தி அப்படியே சாலையோரம் உட்காரப் போனாள். "உக்காராத, உக்காந்தா எந்திரிக்க மாட்ட" என்று கீதாஞ்சலி அவள் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலு கிலோமீட்டர். ஓடினார்கள்.

கோயில் மணிச் சத்தம் எல்லைக் கல்லிலேயே கேட்டது. போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கால் நிற்கவில்லை. ஐவரும் பந்தலுக்குள் போய் விழுந்தபோது விளக்கு ஏறியிருக்கவில்லை. அழகேசன் பூசாரியைக் கடிந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா திரி போட்டிருக்க? ஈரமா இருக்கு. வேற போடு."

"இது மூணாவது திரிங்க நாட்டாம" என்றார் கருப்பண்ணன் பரிதாபமாக.

அழகேசன் திரும்பி ஐந்து தலைகளையும் எண்ணினார். "ம், சரி. இதுவே போதும், ஏத்து."

விளக்கு ஏறியது. கீதாஞ்சலிக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை அவளுக்கே சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லைக் கல்லில் அழகேசன் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "நானும் வரேன். இன்னைக்கித் தலைய அங்கயே எண்ணிக் கூட்டியாந்துடுறேன். தெனம் தெனம் திரி மாத்த முடியாது." கையைப் பிடித்தபடி பேத்தியும் நின்றாள். அவளை ஏன் கூட்டி வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறுதிப் போட்டியைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. முதல் நாள் ஓடிய ஓட்டம் காலில் இருந்தது. ஆனாலும் கடைசி நிமிஷம் வரை சமமாக நின்றார்கள். கடைசியில் உள்ளே நின்றது கீதாஞ்சலி. இன்னும் பத்து வினாடி தாக்குப்பிடித்திருந்தால் ஆட்டம் சமன். கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் லேசாகச் சறுக்கியது, முதுகில் ஒரு கை பட்டது. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது, "ஏன் ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் உக்காந்திருக்கு?" என்று பேத்தியிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த அழகேசன் இப்போது எழுந்து நின்று, கை பட்டதே பொய் என்று நடுவரிடம் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேல்முருகன் சார் அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்கப் படாத பாடு பட்டார்.

கீதாஞ்சலி தரையில் உட்கார்ந்து தேம்பினாள். பரிமளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்திரிடி. போன வருஷம் இதே எடத்துலதான் சும்மா உக்காந்திருந்தோம். இன்னைக்கித் தோத்தாவது இருக்கோம்ல" என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

இரண்டாம் பரிசுக் கோப்பையோடு பன்னிரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பெரம்பலூரில் மாறி, சிறுவாச்சூரைத் தாண்டினார்கள். சசிகலா பையிலிருந்து டைரியை எடுத்தார்.

"கீதாஞ்சலி, அடுத்த வருஷம் காப்பு எந்த நாளு?"

பதில் முன் சீட்டில் இருந்த அழகேசனிடமிருந்து வந்தது. "ஆடி மூணாஞ் செவ்வா, டீச்சர். எங்க தாத்தா காலத்துலேருந்து அதேதான். மாறாது."

சசிகலா பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். "மாறவே மாறாதா? எட்டு வருஷமா இந்த ஸ்கூல்ல இருக்கேன். நான் ஒரு தடவகூடக் கேக்கலியே."

"நாங்களும் ஒங்க போட்டி எப்பன்னு கேட்டதில்லீங்களே" என்றார் அழகேசன்.

டீச்சர் எழுதிக்கொண்டார். கல்லூரிக்காரர்களிடம் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி இப்போதே கடிதம் கொடுத்துவிடலாம் என்றார். பக்கத்தைத் திருப்பி, ஜூனியர் அணி என்று தலைப்புப் போட்டார். "உங்க ஊர்ல ஆறாவது, ஏழாவது படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேர்?"

கீதாஞ்சலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து விரல் மடக்கினாள். அழகேசன் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு விரலை மடக்காமல் விட்டாள்.

"பதினாலு, டீச்சர்."

முன் சீட்டில் அழகேசன் திரும்பிப் பார்த்தார். அவர் மடியில் கோப்பை இருந்தது, அதைப் பேத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள எண்ணுற நீ?" என்றார். "ஒரு தல கொறையுது. பதினஞ்சுன்னு எழுதச் சொல்லு."